தோட்டத்துக் குடும்பமும் கப்பல் விடுமுறையும்

கடல் கடந்து போகும் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் வழக்கமன்று என்பது தொல்காப்பியர் அகத்திணையியலில் கூறும் விதி. அந்நூற்பாவுக்கு வேறு வகையில் பொருள் கொண்டாரும் உளர். ஆயினும் பலர் கொண்ட பொருள் இதுவே. பொருள் தேடுவான் தனியே கலமேறுவான், இல்லாள் கரையிலிருப்பாள். கணவனும் மனைவியும் மக்களும் பாட்டியும் ஒருங்கே கலமேறி, பொருள் தேடுவதற்கன்றித் தேடிய பொருளைக் கழிப்பதற்கென்றே நான்கு நாள் கடலில் மிதந்து, ஏறிய துறையிலேயே திரும்ப வந்து இறங்குவர் என்று அக்காலத்தில் எவரேனும் சொல்லியிருந்தால் கேட்டவர் நகைத்திருப்பர். இன்று அது உலகெங்கும் பரவிய ஒரு பெருந்தொழில். ‘செலவு’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பது பொருள். இன்றைய வழக்கில் பணம் கழிதல் என்பது பொருள். உல்லாசக் கப்பலுக்கு இரு பொருளும் ஒருங்கே பொருந்தும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் பலர் இன்று சிரம்பானிலும் நீலாயிலும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கின்றனர். பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நீலாய், செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலமே வீடமைப்பு நகராகிவிட்டது. ஒரு காலத்தில் தோட்டத்துக் குடும்பத்தின் பெரிய உலா என்பது போர்ட்டிக்சன் கடற்கரைதான். லாரியிலோ வாடகைப் பேருந்திலோ காலையில் புறப்பட்டு, கட்டுச்சோறு உண்டு, பிள்ளைகளைக் கடலில் நனையவிட்டு, மாலையில் லயத்துக்குத் திரும்புவர். இன்று அதே குடும்பங்களின் பேச்சில் உல்லாசக் கப்பல் அடிபடுகின்றது. அக்கப்பல் எத்தகையது, அதில் ஏறுவோர் எதைக் கவனிக்க வேண்டும், ஏற இயலாதார் யார் என்பவற்றை ஆராய்தல் பயனுடையது.

இவ்வழக்கம் தோன்றிய கதை சுருக்கமானது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடப்பார் குறைந்து கப்பல்கள் சும்மா நிற்பதைக் கண்ட ஆல்பர்ட் பாலின் என்னும் ஜெர்மானியக் கப்பல் தலைவர், 1891 ஜனவரியில் ‘அகஸ்தா விக்டோரியா’ என்ற கலத்தை மத்தியதரைக் கடலுக்கு உலாவாக அனுப்பினார். செல்வர் ஏறினர், ஏறக்குறைய இரண்டு மாதம் சுற்றி வந்தனர். 1958இல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபின் பயணக் கப்பல்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. அவற்றுட் சில உலாக் கப்பல்களாக மறுபிறவி எடுத்தன. ‘பிரான்ஸ்’ என்னும் பெருங்கப்பல் 1980இல் ‘நார்வே’ என்ற பெயரில் புதுவாழ்வு தொடங்கியது யாவரும் அறிந்தது. மலேசியாவில் கெந்திங் மலை விடுதியை நிறுவிய லிம் கோ தோங் குடும்பத்தின் குழுமம் 1993இல் ‘ஸ்டார் குரூசஸ்’ என்ற கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிற்று. கிள்ளானுக்கு அருகிலுள்ள புலாவ் இண்டாவில் அதற்கென ஒரு முனையமும் 1990களில் அமைந்தது. 2022 ஜனவரியில் அதன் தாய் நிறுவனம் கடனில் வீழ்ந்தது. அவ்வாண்டு நடுவில் ‘ரிசார்ட்ஸ் வோர்ல்ட் குரூசஸ்’ என்ற புதுப்பெயரில் ‘கெந்திங் டிரீம்’ கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று.

மலாயாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே ஓடிய கப்பல்களுக்கு அத்தகைய மறுபிறவி கிட்டவில்லை. தோட்டத்து முதியோர் ‘கப்பல்’ என்று சொன்னால் அவர் நெஞ்சில் எழுவது நீச்சல்குளமும் நாடக அரங்கும் அல்ல, ‘ரஜுலா’தான்.

ரஜுலா, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 8,500 டன். அதன் உடன்பிறப்பான ‘ரோனா’, போர்க்காலத்தில் படைவீரரை ஏற்றிச் செல்கையில் 1943 நவம்பர் 26ஆம் நாள் அல்ஜீரியக் கரைக்கப்பால் ஜெர்மானியர் குண்டுக்கு இரையாகி, அமெரிக்க வீரர் ஆயிரவருக்கு மேற்பட்டோருடன் மூழ்கிற்று. ரஜுலா தப்பிற்று, போர் முடிந்ததும் தன் பழைய வழிக்கே திரும்பிற்று. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்காம், சிங்கப்பூர் என்பது அவ்வழி. போர்ட் சுவெட்டன்காம் என்பதுதான் 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய துறைமுகம். நாகையிலிருந்து கடாரத்துக்குச் சோழர் காலத்திலேயே கலங்கள் போய்வந்தன என்பதைப் பெருமையாகப் பேசுவோர், அதே நாகையிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் போனவர் எவ்வாறு போனார் என்பதையும் அறிதல் நன்று.

அவர் போனது தளத்தில். அறை கிடையாது, கட்டில் கிடையாது. இரும்புத் தளத்தில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்து வருவர். பாய் விரித்த இடமே குடும்பத்தின் வீடு. தட்டேந்தி வரிசையில் நின்று சோறு வாங்குவர். குமட்டலுக்கு எலுமிச்சம்பழமும் ஊறுகாயும் மருந்து. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடல் கொந்தளித்தால் அவையும் உதவா. இவ்வாறு ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற ரஜுலா தொடக்கத்தில் உரிமம் பெற்றிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் அத்தனை பேர் ஏறினர் என்பதன்று. பிற்காலத்தில் அவ்வளவும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் அந்த எண் ஓர் உண்மையைக் காட்டுகின்றது.

அவ்வுண்மையை அறியக் கப்பல் ‘டன்’ என்றால் என்ன என்பது தெரிய வேண்டும். பலர் நினைப்பதுபோல் இது எடையன்று, இடத்தின் அளவு. பழைய கணக்கில் 100 கன அடி ஒரு டன். அதாவது ஐந்தடி நீளமும் ஐந்தடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள ஒரு பெட்டி. 1969ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் கணக்குமுறை சற்று மாறியது; ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிய தடையன்று. ரஜுலாவின் மொத்த இடத்தை அதன் உரிமத் தொகையால் வகுத்தால் ஒரு தலைக்கு இரண்டு பெட்டிகூட வராது. அதற்குள்தான் எந்திரமும் சமையற்கூடமும் சரக்கறையும் அடங்கும். கெந்திங் டிரீம் ஏறத்தாழ 150,000 டன். அதன் அறைகளில் இருவர் இருவராகக் கணக்கிட்டால் ஏறுவோர் 3,350 பேர் அளவில் ஆவர். ஒரு தலைக்கு 45 பெட்டி. உல்லாசம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த இடந்தான். நீச்சல்குளம், சறுக்குமரம், சிறுவர் கூடம், அரங்கு யாவும் இவ்விடத்தைப் பங்கிட்டவையே.

இனி இன்றைய கப்பலின் கணக்குவழக்கைப் பார்ப்போர் சில நுணுக்கங்களை அறிதல் வேண்டும். விளம்பரத்தில் காணும் கட்டணம் இருவர் தங்கும் அறையில் ஒருவர்க்கு உரியது. அதே அறையில் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் படுக்கையில் உறங்கும் மூன்றாமவர்க்கும் நான்காமவர்க்கும் பெரும்பாலும் குறைந்த கட்டணமே. ஆதலின் தாய், தந்தை, இரு பிள்ளைகள் என்ற குடும்பத்துக்கு ஓரறை சிக்கனம். பாட்டியும் உடன் வந்தால் கணக்கு மாறும். சன்னலில்லாத உள்ளறை மலிவு. கடலைப் பார்க்கும் சன்னலறை அதனினும் மிகுதி. வெளித்திண்ணை உள்ள அறை இன்னும் மிகுதி. பகலெல்லாம் பிள்ளைகள் அறைக்கு வெளியிலேயே இருப்பார்கள். உறங்குவதற்கு மட்டும் வரும் அறைக்குக் கடற்காட்சி வேண்டுமா என்பது அவரவர் பணப்பையைப் பொறுத்தது.

சாப்பாடு பொதுக்கூடங்களில் கட்டணத்துக்குள் அடங்கும். ஹலால் உணவும் இந்தியச் சைவ உணவும் இவ்வட்டாரக் கப்பல்களில் கிடைக்கின்றன. சோறு இல்லையே என்று தோட்டத்துப் பெரியவர் தவிக்க வேண்டியதில்லை. ஆனால் துறைமுகக் கட்டணம், ஓர் இரவுக்கு ஒருவர்க்கு என்று விதிக்கும் ஊழியர் சேவைப்பணம், சிறப்பு உணவகம், மதுவகை, இணையத் தொடர்பு, துறையில் இறங்கிச் சுற்றும் பேருந்து ஆகியவை தனி. கப்பலில் ரொக்கம் புழங்காது. அறையைத் திறக்கும் அட்டையே கணக்கும் ஆகும்; அதை நீட்டினால் போதும். கையிலிருந்து காசு போவது கண்ணுக்குத் தெரியாமையால், கடைசி நாட் காலையில் கதவிடுக்கில் வரும் கணக்குச்சீட்டு பலருக்கு அதிர்ச்சி தருகின்றது. தோட்டக் கடையில் சம்பள நாள்வரை கடன் எழுதி வாங்கிய தலைமுறையினர்க்கு இவ்வித்தை புதிதன்று. சூதாட்டக் கூடம் கரையை விட்டு விலகிய பின்னரே திறக்கும். எங்கும் இறங்காமல் கடலில் சுற்றிவிட்டு வரும் ஓரிரவுப் பயணங்கள் ஒரு காலத்தில் இதற்கென்றே நடந்தன. கப்பல் மருத்துவர் கட்டணம் மிகுதி. பயணக் காப்புறுதி எடுத்தல் அறிவுடைமை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையையும் 24 வாரம் கடந்த கருவுற்ற பெண்ணையும் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுவதில்லை.

கடல் குமட்டுமோ என்று அஞ்சுவோர் மிகுதி. மலாக்கா நீரிணை, மேற்கே சுமாத்திராவால் மறைக்கப்பட்டிருப்பதால் வங்கக் கடல்போல் கொந்தளிப்பதில்லை. பெருங்கப்பல்களின் இரு பக்கத்திலும் நீருக்கடியில் மீன் செட்டைபோல் நீளும் தகடுகள் உண்டு. கப்பல் ஒருபுறம் சாய முற்படுகையில் அவை நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி அதை நிமிர்த்துகின்றன. ரஜுலா கட்டப்பட்ட காலத்தில் அத்தகடுகள் பயணக் கப்பல்களில் வழக்கிற்கு வரவில்லை.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவது போல், உல்லாசக் கப்பலிலும் ஒரு பெரட்டு உண்டு. ஏறிய அன்றே, ஒவ்வொருவரும் தமக்குரிய உயிர்ப்படகு நிலையத்தை அறிந்து, மிதவைச் சட்டை அணியும் முறையைக் கற்றல் வேண்டும். 2012 ஜனவரி 13ஆம் நாள் இத்தாலியக் கரையருகே ‘கோஸ்தா கொங்கோர்தியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய பயணிகளுக்கு அப்பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன்பின் உலகக் கடல்விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்டவுடனேயோ பயிற்சி நடத்தல் 2015 முதல் கட்டாயமாயிற்று. பிள்ளைகள் நீச்சல்குளத்துக்கு ஓட அவசரப்படுவார்கள். பெற்றோர் இதைத் தட்டிக்கழித்தல் கூடாது.

இவையெல்லாம் ஏறக்கூடியவர்க்கு. யாரால் ஏறக்கூடும் என்பது வேறு வினா.

முதலாவது தடை சம்பளமும் ஓய்வு நாளும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஓரிடத்தில் இரண்டாண்டுக்குட்பட்ட ஊழியர்க்கு ஆண்டுக்கு 8 நாளும், ஐந்தாண்டுக்கு மேற்பட்டவர்க்கு 16 நாளும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தோட்டத் தொழிலாளர்க்கு விடுப்பு என்பதே போராடிப் பெற்ற ஒன்று. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நெடுங்காலம் நடத்திய பி. பி. நாராயணன், தம் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியது நெகிரி செம்பிலான் தோட்டங்களிலேதான். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி என விதிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டில் நால்வர்க்குக் கப்பல் அறை எட்டாக்கனி. மூன்று பிள்ளைகள் நகரில் சம்பாதிக்கும் வீட்டில் அது எட்டும். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்க்கே தோட்டத்துப் பெற்றோரைக் கப்பலில் ஏற்றும் வசதி வாய்க்கின்றது என்பது பொதுவாகச் சரி.

இரண்டாவது தடை பணத்தால் தீராதது. கப்பல் போர்ட் கிள்ளானில் ஏற்றிக்கொண்டாலும் சிங்கப்பூரில் ஏற்றிக்கொண்டாலும், புக்கெட் போன்ற அயல்நாட்டுத் துறைகளைத் தொட்டு வருவது. ஆகவே கைக்குழந்தை முதல் பாட்டி வரை ஒவ்வொருவர்க்கும் கடவுச்சீட்டு வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதமேனும் செல்லுபடியாவதாக இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டுக்கு நீல அடையாள அட்டை வேண்டும். நீல அட்டை குடிமகனுடையது. சிவப்பு அட்டை குடியுரிமையில்லாத நிரந்தரவாசியுடையது. இவ்விரு நிறங்களின் வேற்றுமை தோட்டங்களில் இன்னும் மறையவில்லை.

இதன் வேர் நெடியது. 1957 ஆகஸ்டு 31க்குப் பின் கூட்டரசில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன் என்றிருந்தது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்று அவ்வாயிலை ஒடுக்கிற்று. அதற்கு முன் பிறந்தவரும் தமிழகத்திலிருந்து வந்தவரும் பலர் விண்ணப்பித்தே குடியுரிமை பெற வேண்டியிருந்தது. விடியலில் பால் வெட்டப் போய் வெயிலேறித் திரும்புவோர்க்கு விண்ணப்பம் எழுதித் தரவும் அலுவலகத்துக்கு அழைத்துப் போகவும் ஆள் இருந்த தோட்டத்தில் பெற்றனர். இல்லாத தோட்டத்தில் விட்டுவிட்டனர். பின் 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகனல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. 1969, 1970 ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் தமிழகத்துக்குத் திரும்பினர் என்று ஆய்வாளர் கணக்கிடுவர். ரஜுலாவும் ‘ஸ்டேட் ஆப் மெட்ராஸ்’ என்னும் கப்பலும் அவ்வழியில் ஓடிய காலம் அது. மலாயாவிலேயே பிறந்து ஊரைக் கண்ணாலும் காணாதவர்களும் அவர்களுள் இருந்தனர். சிலர் போயினர், அவர்களின் தம்பியோ தங்கையோ இங்கேயே தங்கினர். ஊருக்குப் போய் வருதல் என்றே அதுவரை கப்பற் பயணத்துக்குப் பெயர். அவ்விரண்டாண்டில் ‘வருதல்’ என்பது உதிர்ந்து போயிற்று.

சிவப்பு அட்டையோடு சிக்கல் முடிவதில்லை. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி நடந்த திருமணங்கள் பல பதிவாகவில்லை. 1982 மார்ச்சு முதல் முஸ்லிமல்லாதார் திருமணங்களைப் பதிவது கட்டாயமாயிற்று. அவ்வாறு பதியாத திருமணத்தில் பிறந்த குழந்தையின் குடியுரிமை தந்தையைப் பற்றியதன்று, தாயைப் பற்றியது என்பது சட்டம். தந்தை நீல அட்டையினராயினும் தாயிடம் ஆவணம் இல்லையென்றால் பிள்ளை இடையில் நிற்கும். பிறப்பைக் காலத்தில் பதியாமல் விட்டோர் நிலையும் இத்தகையதே. தோட்டம் விற்கப்பட்டு, செக்ரோல் புத்தகங்களும் கிராணியின் கோப்புகளும் சிதறிய பின், இன்ன ஆண்டு இன்ன லயத்தில் இவர் பிறந்தார் என்பதற்குச் சான்று தேடுவது அரிதாகின்றது. இத்தகையோரைப் பதிவதற்காக 2011இல் ‘மைடப்தார்’ என்ற பெயரில் அரசு ஒரு முகாம் நடத்திற்று. அதில் விடுபட்டோரும் உளர்.

நாடற்ற நிரந்தரவாசிக்கு அடையாளச் சான்று என்ற பயண ஆவணம் ஒன்றைக் குடிநுழைவுத்துறை தருவதுண்டு. ஆயினும் கப்பல் தொடும் ஒவ்வொரு நாடும் அதை ஏற்று விசா தருதல் வேண்டும். கப்பல் நிறுவனமும் இசைதல் வேண்டும். நான்கு நாள் உலாவுக்காக அத்தனை வாயில்களிலும் நிற்பார் அரியர். அதனாற்றான் சில வீடுகளில் கப்பல் விடுமுறைப் பேச்சு எழுந்து, ‘அம்மாவை யாரிடம் விட்டுப் போவது’ என்ற இடத்தில் நின்றுவிடுகின்றது. தொல்காப்பியர் காலத்தில் கரையில் நின்றவள் மனைவி. இன்று கரையில் நிற்பது காகிதம் இல்லாதவர்.

ரஜுலா 1973இல் இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் கட்டி ‘பாஸ்டர்’ எனப் பெயரிட்டிருந்த கலம் ‘சிதம்பரம்’ என்ற பெயரில் அவ்வழியில் ஓடி, 1980களின் நடுவில் நடுக்கடலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் இறந்தபின் நின்றுவிட்டது. அதன்பின் விமானமே வழி. 1969இல் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாகப்பட்டினத்திலும் திருச்சியிலும் இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கின்றனர். 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அளித்த விசா விலக்கின்படி அவர்கள் முப்பது நாள் வந்து தங்கலாம். துறை நாடுகளின் விதிக்குட்பட்டு, சிரம்பானிலுள்ள உறவினரோடு உல்லாசக் கப்பலும் ஏறலாம். ரந்தாவில் பிறந்து ரந்தாவிலேயே இருந்துவிட்ட சின்னப் பாட்டி, சிவப்பு அட்டையோடு, அவர்களை வழியனுப்பப் புலாவ் இண்டா முனையத்தின் வாயில் வரை வரலாம்.